மெட்வே நதிக்கரையில் ஒரு கயிற்றுக்கூடம்

லண்டன் மாநகரை விட்டுத் தென்கிழக்கே கென்ட் பிரதேசத்தினூடே செல்லும் ரயில், மெட்வே நதியின் பாலத்தைக் கடக்கையில் ராச்செஸ்டர் நகரத்துப் பழங்கோட்டையின் சதுரக் கோபுரத்தை ஒரு கணம் காட்டிவிட்டு, அடுத்த சில நிமிஷங்களில் சாட்டம் என்னும் நகரத்தில் வந்து நிற்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் இங்கிலாந்தின் கடற்படைக்குப் போர்க்கப்பல்களைக் கட்டிக் கொடுத்த துறை இது. டிரபால்கர் யுத்தத்தில் நெல்சன் உயிர் நீத்த 'விக்டரி' கப்பல் 1765-ஆம் ஆண்டில் நீரில் இறக்கப்பட்டது இங்கேதான். சார்லஸ் டிக்கன்ஸ் சிறுவனாக இருந்தபோது அவருடைய தந்தையார் கடற்படைச் சம்பள இலாகாவில் உத்தியோகம் பார்த்ததும் இந்தத் துறைக்குள்ளேதான். 1984-இல் கடற்படை கைவிட்ட பிறகு, துறையின் பழைய பகுதி ஒரு காட்சிசாலையாகப் பாதுகாக்கப்பட்டு வருகிறது. கப்பல்களைப் பார்க்க வருகிறவர்களே அதிகம். நான் போனது கயிற்றைப் பார்க்க.

கயிறு திரிக்கும் இடம் என்றதும், தென்னந்தோப்பின் நிழலில் ஒரு ராட்டையும் சில முளைகளுமாக நடக்கும் தொழிலை மனத்தில் வைத்துக்கொண்டு போகிற நம்மவர்களுக்கு, சாட்டத்துக் கயிற்றுக்கூடம் முதற்பார்வையில் நம்ப முடியாத வஸ்துவாகவே தோன்றும். 1786-க்கும் 1791-க்கும் இடையே செங்கல்லால் எழுப்பப்பட்ட அந்தக் கட்டடத்தின் நீளம் 346 மீட்டர். உள்ளே ஒரு முனையில் நின்று பார்த்தால் மறுமுனை தெரிவதில்லை. இரு பக்கத்து ஜன்னல்களின் வெளிச்சமும், தரையில் பதித்த இருப்புப் பாதையும், மேலே தாங்கும் மரத்தூண்களும் குறுகிக் குறுகி ஒரு புள்ளியாக ஒடுங்கிவிடுகின்றன. வேலை செய்கிறவர்கள் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் சைக்கிளில் போய் வருகிறார்கள். நூற்பதையும் முறுக்குவதையும் ஒரே கூரையின் கீழ் நடத்துவதற்காக அடுக்கடுக்காகக் கட்டிய கூடம் இது. இத்துறையில் 1618 முதலே கயிறு செய்யப்பட்டு வருகிறது என்றும், இன்றைக்கும் இதே தளத்தில், 1811-இல் ஹென்றி மாட்ஸ்லே என்ற யந்திர மேதை செய்துகொடுத்த யந்திரங்களின் பக்கத்தில், விற்பனைக்கான கயிறு முறுக்கப்படுகிறது என்றும் அறிகிறபோது, காட்சிசாலை என்ற சொல் இவ்விடத்துக்குப் பொருந்தாது என்றே எனக்குப் பட்டது.

இவ்வளவு நீளம் எதற்கு என்ற கேள்விக்கு விடை எளிது. பெரிய கப்பலின் நங்கூர வடம் 120 பாகம், அதாவது 720 அடி இருக்க வேண்டும். அதில் இடையே முடிச்சோ இணைப்போ இருக்கலாகாது. முறுக்க முறுக்க இழை குறுகும். மூன்றில் ஒரு பங்கு நீளம் முறுக்கிலேயே மறைந்துவிடுவதால், 720 அடி வடத்துக்கு ஆயிரம் அடிக்கு மேற்பட்ட இழைகளை நேராக விரித்துப் போட இடம் வேண்டும். 'விக்டரி' போன்ற ஒரு கப்பலுக்கு எல்லாமாகச் சேர்த்து 40 கிலோமீட்டருக்குக் குறையாத கயிறு தேவைப்பட்டது. பாய் ஏற்றுவது, இறக்குவது, பாய்மரத்தை நிறுத்துவது, பீரங்கியைக் கட்டுவது, நங்கூரத்தை எடுப்பது என்று கப்பலில் நடக்கும் ஒவ்வொரு காரியமும் கயிற்றால்தான் நடந்தது. புயலில் ஒரு கயிறு அறுந்தால் நூற்றுக்கணக்கான உயிர்கள் போகும். ஆகையினால்தான், கயிற்றின் ஆயுளைப் பரீட்சை செய்வது அந்தக் காலத்துப் பெரிய மூளைகள் பலவற்றுக்கு ஒரு தீராத கவலையாக இருந்தது. அந்தக் கவலையின் சரித்திரத்தைத் தேடித்தான் இந்தப் பிரயாணம்.

நாரை முதலில் இரும்பு முட்கள் நிறைந்த பலகையில் அடித்து இழுத்துச் சீவுவார்கள். முள்ளில் நார் சிக்காமல் வழுக்கிவரத் திமிங்கில எண்ணெய் தடவுவார்கள். சீவிய நாரை இடுப்பைச் சுற்றிப் பொதியாகக் கட்டிக்கொண்டு, அதன் நுனியைச் சுழலும் கொக்கியில் மாட்டிவிட்டு, நூற்பவன் விரல்களால் நாரைச் சீராக விட்டுக்கொண்டே பின்னோக்கி நடப்பான். நடந்துகொண்டே போவான், கூடத்தின் கோடி வரைக்கும். அப்படி நடந்து நூற்ற இழைகள் பல சேர்ந்து ஒரு புரி. மூன்று புரிகள் சேர்ந்து ஒரு கயிறு. மூன்று கயிறுகள் சேர்ந்து ஒரு வடம். இழையை ஒரு புறமாக முறுக்கினால், புரியை அதற்கு எதிர்ப்புறமாகவும், கயிற்றை மீண்டும் மாறுபுறமாகவும் முறுக்குவார்கள். ஒவ்வொரு முறுக்கும் அவிழப் பார்க்கிறது. அவிழப் பார்ப்பதனாலேயே அடுத்ததை இறுக்குகிறது. சில அடி நீளமே உள்ள நார்கள் ஆயிரம் அடி வடமாக நிற்பது, ஒன்றையொன்று நெருக்கும் இந்த உராய்வினால்தான் என்பதைக் கலிலியோ 1638-இல் வெளியான தம் நூலில் ஆராய்ந்திருக்கிறார்.

ஆனால் முறுக்குக்கு ஒரு விலை உண்டு. பத்து இழைகள் தனித்தனியே தாங்கும் பாரத்தைக் கூட்டிப் பார்த்தால் வரும் தொகையை, அந்தப் பத்து இழைகளும் சேர்ந்து முறுக்கிய கயிறு தாங்குவதில்லை என்பதைப் பிரெஞ்சு விஞ்ஞானி ரேயோமூர் 1711-இல் பரீட்சை செய்து காட்டினார். அவருக்குப் பின் வந்த துய்யமெல் து மோன்ஸோ என்பவர், பிரான்ஸின் அரசாங்கத் துறைமுகங்களில் கயிறுகளுக்குப் பாரம் கட்டிக் கட்டி அறுத்துப் பார்த்து, 1747-இல் ஒரு பெரிய நூலே எழுதினார். மூன்றில் ஒரு பங்கு குறுகும்வரை முறுக்குவது வீண், நாலில் ஒரு பங்கு குறுகினாலே போதும், அந்தக் கயிறுதான் அதிக பாரம் தாங்குகிறது என்பது அவருடைய முடிவு. தார் தோய்த்த கயிறு, தோய்க்காத வெண்கயிற்றைவிட வலுக் குறைந்தது என்பதும் அவர் கண்டதே. அப்படியானால் உலகத்துக் கப்பல்காரர்களெல்லாம் ஏன் கயிற்றை இறுக முறுக்கி, தாரிலும் தோய்த்தார்கள்? அறியாமையினாலா? இல்லை என்பதைச் சாட்டத்தில் கண்கூடாகக் கண்டேன்.

கூடத்தின் ஒரு பகுதியில், நெடுங்காலம் கயிற்று வேலை செய்து நரைத்த முதியவர் ஒருவர் பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் நகர்ந்த பின்னும் நான் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்து, பெஞ்சின் அடியிலிருந்து இரண்டு துண்டுக் கயிறுகளை எடுத்து என் முன் வைத்தார். இரண்டும் மணிலா நார்க் கயிறுகள், மணிக்கட்டுப் பருமன். ஒன்று வெளியே சாம்பல் நிறமாகி, மேல்நார்கள் அறுந்து சிலிர்த்து, பார்க்கவே பரிதாபமாக இருந்தது. மற்றொன்று பொன்னிறம் மங்காமல், தடவிப் பார்த்தால் மழமழப்புக்கூடப் போகாமல் இருந்தது.

"இவற்றில் எதை நம்பி நீங்கள் தொங்குவீர்கள், ஐயா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள், பொன்னிறக் கயிற்றை இரு கைகளாலும் பிடித்து, முறுக்குக்கு எதிராகத் திருகினார். மூன்று புரிகளும் வாய் திறந்தன. நடுவிலிருந்து மாவு போன்ற பழுப்புத் தூள் கொட்டிப் பெஞ்சின் மேல் சிறு குவியலாக விழுந்தது. புரிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்த உட்பக்கங்களில் இழைகள் தேய்ந்து, தட்டையாகி, ஆங்காங்கே அற்றுக் கிடந்தன; முகர்ந்து பார்த்தேன், மழைக்காலத்தில் மூடி வைத்த பெட்டியின் புளித்த பூஞ்சை வாடை. உள்ளிருந்து ஒரு நாரை உருவி என் கையில் கொடுத்தார். இரண்டு விரல்களுக்கிடையே இழுத்ததும் ஓசையில்லாமல் பிரிந்து வந்துவிட்டது. பிறகு சாம்பல் நிறக் கயிற்றைத் திருகித் திறந்தார். உள்ளே புதுநார் போலவே மினுமினுப்பு. அதிலிருந்து உருவிய நார் என் விரலை அறுத்ததேயொழிய அறவில்லை.

சாம்பல் நிறக் கயிறு வெயிலிலும் உராய்விலும் வெளியே தேய்ந்தது. அந்தத் தேய்மானம் கண்ணுக்குத் தெரியும், அதனால் யாரையும் ஏமாற்றாது. மற்றது ஒரு சிறிய கப்பியின் மேல் வளைந்து வளைந்து ஓடியது. கயிறு வளையும்போதெல்லாம் உள்ளே புரியின் மேல் புரி சறுக்குகிறது; சறுக்கும் இடத்தில் மணல் துகள் புகுந்திருந்தால் அரம் போட்டது போலத்தான். ஈரத்தோடு சுருட்டி வைத்தால், வெளிப்புறம் காற்றில் உலர்ந்துவிடும், உட்புறம் உலராது; பூஞ்சைக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? நனைவதால் நார் கெடுவதில்லை. நனைந்தபடி கிடப்பதனால்தான் கெடுகிறது. நார்க்கயிற்றை வாரத்தில் ஒரு நாளாவது திறந்து பார்க்காதவன் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அந்த முதியவர் சொன்னபோது, அவர் குரலில் இருந்த கண்டிப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

துய்யமெல்லின் கணக்குக்கும் கப்பல்காரர்களின் வழக்கத்துக்கும் இருந்த முரண்பாடு இங்கேதான் விளங்குகிறது. தளர முறுக்கிய கயிறு பரீட்சைச் சாலையில் அதிக பாரம் தாங்கும். ஆனால் அதற்குள் நீரும் மணலும் எளிதில் புகும், மேல்நார் எளிதில் பிசிறும். இறுக முறுக்கியது சற்று முன்னதாக அறுந்தாலும், உராய்வுக்குச் சளைக்காது. தார், நாரின் வலுவில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாகக் கடல்நீரைத் தடுத்துக் காலத்தைக் கொடுக்கிறது. முதல்நாள் வலிமை ஒன்று, கடைசிநாள் வரை நிற்கும் உறுதி இன்னொன்று. இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது என்பதே இந்தப் பிரயாணத்தில் எனக்குத் திடப்பட்ட அபிப்பிராயம். புதுக்கயிற்றை யந்திரத்தில் பூட்டி, அறும்வரை மெல்ல இழுத்து, முள் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்வது அவசியமான காரியந்தான். ஆனால் அந்த எண் கயிற்றின் பிறந்தநாளைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

கயிற்றின் குறையைப் பரீட்சைச் சாலையில் அல்ல, கடலிலேயே கண்டவர் ஒருவர் உண்டு. ஜோசப் ஹடார்ட், 1741-இல் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலின் தலைவராக இந்தியாவுக்கும் சீனத்துக்கும் போய் வந்தவர். கடற்கரைகளை அளந்து படமெழுதியவர். நங்கூர வடங்கள் அறுகிற விதத்தைக் கவனித்த அவர், வெளிச்சுற்று இழைகள் அற்றுப்போன பிறகும் உள்சுற்று இழைகள் தளர்ந்து சும்மா கிடப்பதைக் கண்டார். காரணம் கணிதத்தைச் சேர்ந்தது. எல்லா இழைகளையும் ஒரே நீளத்தில் வைத்து முறுக்கினால், வெளியே சுற்றி வரும் இழைக்கு வழி நெடியது, உள்ளே நேராகப் போகும் இழைக்கு வழி குறுகியது. ஆகவே வெளியிழை விறைத்தும் உள்ளிழை தொய்ந்தும் போகும். தேர் இழுக்கும் கூட்டத்தில் சிலர் மட்டுமே தோள் நோக இழுக்க, மற்றவர்கள் வடத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு கூடவே நடந்து வருவதைப் போன்றது அது. இழுக்கிறவர்கள் ஓய்ந்ததும் பாரம் திடீரென்று மற்றவர்கள் மேல் விழும்.

ஹடார்ட் செய்த பரிகாரம் மிக எளிமையானது. அதனாலேயே மிக அழகானது. வட்ட வட்டமாகத் துளைகள் இட்ட ஒரு தகடு. ஒவ்வொரு இழையும் தனித்தனிச் சுருளிலிருந்து புறப்பட்டு, தனக்கென்று அமைந்த துளை வழியாக வந்து, ஒரு குழாய்க்குள் எல்லாம் ஒன்றுகூடிப் புரியாகும். வெளியிழைக்கு எவ்வளவு நீளம் வேண்டுமோ அவ்வளவை அது தன் சுருளிலிருந்து தானே இழுத்துக்கொள்ளும். உள்ளிழை தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். 1793-இல் இதற்கு அவர் காப்புரிமை பெற்றார். இப்படிப்பட்ட துளைத்தகட்டின் முன்னால் நான் வெகுநேரம் நின்றேன். பாரத்தை எல்லோரும் சமமாகத் தாங்கும்படி செய்ய ஒரு மனிதன் கண்ட வழி, உள்ளங்கை அகல இரும்பில் இவ்வளவு தெளிவாக எழுதப்பட்டிருப்பதை வேறெங்கும் நான் கண்டதில்லை.

இந்தக் கூடத்தில் முறுக்கிய நார் பெரும்பாலும் ரஷ்யாவிலிருந்து வந்தது. ரீகா துறைமுகத்து ஹெம்ப் என்னும் கஞ்சாச்செடி நார் என்றால் கடற்படைக்கு அவ்வளவு மதிப்பு. அயல்நாட்டின் கையில் தன் கப்பல்களின் கயிறு இருப்பது இங்கிலாந்துக்கு எப்போதும் உறுத்திக்கொண்டிருந்த விஷயம். நெப்போலியன் காலத்திலும் உறுத்தியது. 1854-இல் ரஷ்யாவோடே கிரீமிய யுத்தம் மூண்டபோது நேரடியான ஆபத்தாகவே வந்து நின்றது. அப்பொழுது அவர்கள் பார்வை இந்தியாவின் காடுகள் மேலும் தோப்புகள் மேலும் திரும்பிற்று. ஜான் போர்ப்ஸ் ராயில் என்பவர் இந்தியாவின் நார்ச்செடிகளைப் பற்றி 1855-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே நடந்த ஒரு பரீட்சையை அந்நூல் விவரிக்கிறது. நான் அதைப் படித்திராவிட்டால் சாட்டத்துக்கு வந்திருக்கவே மாட்டேன்.

அந்தப் பரீட்சையைச் செய்தவர் வில்லியம் ராக்ஸ்பரோ. சென்னை ராஜதானியில் சாமல்கோட்டையில் பல வருஷங்கள் செடி வளர்த்துவிட்டு, 1793-இல் கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் தலைமைக்குச் சென்றவர். அவர் பல்வேறு நார்களை நாலடி நீளக் கயிறுகளாகத் திரித்து, பாரம் கட்டி, எந்தப் பாரத்தில் அறுகிறது என்று குறித்தார். அதோடு நின்றிருந்தால் அவரும் பலரில் ஒருவர். அவர் அதே கயிறுகளின் மறுபாதிகளை நீரில் அமிழ்த்தி, 116 நாட்கள் ஊறவிட்டு, எடுத்து மறுபடியும் பாரம் கட்டினார். வெண்ணிறமாக, தோல்பதனிடும் துவர்ச்சாற்றில் தோய்த்ததாக, தாரில் தோய்த்ததாக என்று மூன்று விதத்திலும் பார்த்தார். புதிதாக இருந்தபோது முன்னணியில் நின்ற இங்கிலாந்து ஹெம்ப் நீரிலிருந்து எடுத்தபோது மக்கிப் போயிருந்தது. தென்னை நார்க் கயிறோ வலுவில் ஒரு பகுதியை இழந்தும் கயிறாகவே வெளியே வந்தது. கிழக்குத் தீவுகளிலிருந்து வந்த கரும்பனை வகையின் நார் ஏறக்குறைய முன்னிருந்த வலுவோடே வந்தது. காலத்தை ஒரு தராசுத் தட்டில் வைத்து நிறுத்த இந்த மனிதரின் பொறுமையை நான் எப்படிப் புகழ்வது!

இதற்கு எதிரே மற்றொரு அட்டவணையை வைத்துப் பார்க்க வேண்டும். அது நம்முடைய கோயம்புத்தூரைச் சார்ந்தது. 1819-இல் சென்னைக்கு வைத்தியராக வந்து, 1842 முதல் கோயம்புத்தூரில் பருத்திப் பண்ணைகளை மேற்பார்த்த ராபர்ட் வைட், தென்னிந்தியச் செடிகளை ரங்கையா, கோவிந்து என்னும் சித்திரக்காரர்களைக் கொண்டு எழுதுவித்த பெரியவர். அவர் நம் ஊர் நார்களுக்குப் பாரம் கட்டிப் பார்த்த கணக்கை அந்தக் காலத்து நூல்கள் எடுத்தாண்டிருக்கின்றன. தென்னை நார் 224 ராத்தல், புளிச்சை 290, மருள் 316, பருத்தி 346, ஆனைக்கற்றாழை 362, சணப்பு 407, எருக்கு 552. வேலியோரத்தில் யாரும் ஏறிட்டுப் பாராத எருக்கஞ்செடியின் பட்டைநார் எல்லாவற்றுக்கும் தலையாக நிற்கிறது. கடற்கரை முழுவதும் நம்பியிருக்கிற தென்னை நார் கடைசியில் நிற்கிறது. இந்த அட்டவணையை மட்டும் பார்க்கிற ஒருவர், நம் முன்னோர் அத்தனை நூற்றாண்டுகளாகத் தென்னை நாரைக் கட்டிக்கொண்டு அழுதது என்ன பேதைமை என்று நினைக்கக்கூடும்.

வைட் இறங்கிய சென்னைக் கடற்கரையே அதற்குப் பதில் சொல்லும். அக்காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நிற்கும். மனிதரும் சரக்கும் மசூலாப் படகில் ஏறி அலைகளைக் கடந்து கரைக்கு வர வேண்டும். அந்தப் படகில் ஓர் ஆணி இல்லை. பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். கரை அலையில் மோதும்போது ஆணியடித்த படகு பிளக்கும். தைத்த படகு நெளிந்து கொடுக்கும். தென்னை நார் மற்ற நார்களைவிட மிகுதியாக நீளும், நீண்டு மீளும்; உப்புநீரில் எளிதில் மக்காது; நீரில் மிதக்கும். இந்த மூன்று குணங்களில் ஒன்றையாவது ராத்தல் கணக்கு காட்டுகிறதா? ஆங்கிலேய மாலுமிகளும் இதைப் பின்னாளில் தெரிந்துகொண்டு, ஒரு கப்பலை மற்றொரு கப்பல் இழுக்கும்போது அலையின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள இடையில் தென்னை நார் வடத்தையே பூட்டினார்கள். எருக்கு நார் மிக வலியதுதான்; ஆனால் குச்சியிலிருந்து அதைக் கையால் பிரித்தெடுக்கும் சிரமமும், கிடைக்கும் அளவின் சிறுமையும் அதைத் தூண்டிற்கயிற்றுக்கும் வில்லின் நாணுக்கும் மேலே போகவிடவில்லை.

இவற்றையெல்லாம் அந்த முதியவரிடம் சொன்னேன். அவர் ஆவலோடு கேட்டார். "உங்கள் நாட்டில் இவ்வளவு பருமனான வடத்தால் இப்போது எதை இழுக்கிறீர்கள்?" என்று, பக்கத்தில் சுருண்டு கிடந்த ஒன்றைத் தொட்டுக் கேட்டார்.

"தெய்வத்தை இழுக்கிறோம், ஐயா" என்றேன்.

தேரைப் பற்றி விவரித்தேன். வருஷத்தில் ஒரு நாள் ஆயிரக்கணக்கானோர் வடம் பிடிப்பதையும், மற்ற நாட்களில் அது சுருண்டு கிடப்பதையும், 2024-ஆம் ஆண்டு ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேரின் வடங்கள் அடுத்தடுத்து அறுந்து தேர் நின்றதையும் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. வடத்தை எங்கே வைப்பார்கள், தரையிலா, பலகையின் மேலா, காற்று போகுமா, சுருளை நடுவில் மாற்றிப் போடுவார்களா, இழுக்குமுன் யாராவது புரியைத் திறந்து பார்ப்பார்களா என்று கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். ஒரு கயிறு உழைத்துக் கெடுவதைக் காட்டிலும் சும்மா கிடந்து கெடுவதே அதிகம் என்றும், வருஷத்தில் ஒரு நாள் உழைக்கும் வடத்துக்கு மற்ற நாட்களில் இரட்டிப்புக் காவல் வேண்டும் என்றும் சொன்னார். மனிதர் கூட்டமாக இழுக்கும் கயிறு அறுந்தால் அது பின்னோக்கி வீசி அடிக்கும் வேகத்தைத் துறைமுகத்தில் பார்த்திருக்கிறாராம்; அதை விவரிக்க மறுத்துவிட்டார்.

போவதற்கு முன் மற்றொன்றைக் காட்டினார். கடற்படைக் கயிற்றுக்குள் நிறச்சாயம் தோய்த்த ஓர் இழையைச் சேர்த்து முறுக்குவது வழக்கம். ஒவ்வொரு துறைக்கும் ஒரு நிறம். திருடி விற்றால் கயிற்றை வெட்டிப் பார்த்ததும் தெரிந்துவிடும். அதற்கு இன்னொரு பயனும் இருந்தது: கயிறு அகாலத்தில் அறுந்தால் எந்தக் கூடத்தின் வேலை என்று கண்டுபிடித்து அவர்களைப் பதில் சொல்ல வைக்கலாம். தேய்ந்துபோன கயிற்றையும் அவர்கள் எறிந்ததில்லை. துண்டு துண்டாக வெட்டி, சிறைக் கைதிகளையும் ஏழை விடுதிகளில் இருந்தவர்களையும் கொண்டு நகத்தால் நாராகப் பிரிக்கச் செய்து, அந்த நாரைத் தாரில் பிசைந்து கப்பற்பலகைகளின் இடுக்குகளில் அடைத்தார்கள். டிக்கன்ஸின் ஆலிவர் ட்விஸ்ட் விடுதியில் செய்யும் வேலை அதுதான். நகம் பிய்ந்து ரத்தம் கசியச் சிறுவர்கள் பிரித்த அந்த நாரும் இந்தக் கயிற்றுச் சரித்திரத்தில் சேர்ந்ததே. அதைப் பெருமையான பாகங்களோடு சேர்த்தே நினைக்க வேண்டும்.

எருக்கு நாரை அவர் பார்த்ததில்லை. ஊருக்குப் போனதும் கொஞ்சம் அனுப்பட்டுமா என்று கேட்டேன். காகிதம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரே நாளில் உரித்த நாராக இருக்கட்டும், சாயமோ எண்ணெயோ படவேண்டாம், தென்னை நாரும் அதே எடையில் கூடவே வரட்டும், இரண்டிலும் நாலடிக் கயிறுகள் ஒரே முறுக்கில் திரித்துக்கொள்ளும் அளவுக்கு வேண்டும் என்று குறித்துக் கொடுத்தார். பாதியை உலர்ந்தபடி பாரம் கட்டுவாராம். மறுபாதியைக் கூடைக்குள் வைத்து மெட்வே நதியில் இறக்கி, ராக்ஸ்பரோவின் கணக்குப்படியே 116 நாட்கள் விட்டு எடுப்பாராம். கூடையைக் கட்டுவதற்கு எந்தக் கயிறு என்று கேட்டதற்கு, தார் தோய்த்த ஹெம்ப், அதையும் அன்றே திறந்து பார்த்துவிடலாம் என்றார்.